பதினேழு வருசத்துச் சிறுமழை

1

முதலே சொல்லிவிடுகிறேன். இதைக் கதை என்று நினைத்துத் தொடங்கவில்லை. மழைக் கணக்குப் பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். நாலு வரியில் முடித்து, உறையில் போட்டு, காலமைப் படகில் குறிகட்டுவான் துறைக்குக் கொடுத்துவிட்டிருக்க வேண்டும். இப்போது கொப்பியில் பதினோராம் பக்கம் ஓடுகிறது. உறை மேசையில் வெறுமையாகக் கிடக்கிறது.

கடிதம் என்னுடையதும் இல்லை. கதிர்காமுவுடையது. அவன் என் வயதுக்காரன், இரண்டு காணி தள்ளி இருக்கிறான். வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு கேட்டான்:

"இராசு, ஒரு கடிதம் எழுதித் தருவியோ?"

"கஜானியைக் கேளன். அவள் வடிவா எழுதுவாள்." கஜானி, பயிர் செய்கிற எங்கள் கமக்காரர் சங்கத்தின் செயலாளர். படித்த பிள்ளை.

"வடிவா எழுதுவாள் எண்டதுதான் பயம். நீ அஞ்சாம் வகுப்பு. உனக்கு எழுதத் தெரியாது. அதாலை கூட்டி எழுதமாட்டாய்."

அதில் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மைதான். ஆனால் மூன்றாம் பக்கம் வருவதற்குள் ஒரு ஆட்டைக் கூட்டிவிட்டேன். ஆட்டுக்குப் பிறகு வருகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: கனம் ஐயா அவர்களுக்கு, தாங்கள் நலமாக இருக்க இறைவனை வேண்டி—

[வெட்டினேன். அவர் நலமாக இருந்தால் எனக்கென்ன, இருக்காவிட்டால் எனக்கென்ன.]

தொடக்கம் இரண்டு: நெடுந்தீவு மழைக் கணக்கில் ஒரு சிறு பிழை நடந்திருப்பதை—

[வெட்டினேன். சிறு பிழையோ பெரும் பிழையோ, பிழைதானோ என்றே எனக்குத் தெரியாது.]

தொடக்கம் மூன்று: ஒரு ஊரில் ஒரு ஆடு இருந்தது.

[இதையும் வெட்டினேன். ஆனால் கோடு மெல்லியதாகத்தான் போட்டிருக்கிறேன். வாசிக்கலாம்.]

கதை எழுதுகிறவர்கள் எங்கே தொடங்குவார்களோ தெரியாது. எனக்குக் கூட்டத்தில் தொடங்குவதுதான் சுகம். அங்கே நானும் இருந்தேன். பார்த்ததைச் சொல்லலாம்.

3

ஆவணி ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை, சங்கக் கட்டடத்தில் கூட்டம். நிலக்ஷன் என்ற பெடியன் வந்திருந்தான். காலநிலையைப் பார்த்துக் கமம் செய்கிற திட்டம் ஒன்றாம், அதன் உத்தியோகத்தன். சுவரில் பெரிய படம் ஒன்றைத் தொங்கவிட்டான். எங்கள் தீவைப் பெட்டி பெட்டியாக வெட்டி நிறம் அடித்திருந்தது. என் காணி எந்தப் பெட்டிக்குள் என்று தேடினேன். என் காணியும் கோயிலும் இறங்குதுறையும் ஒரே பெட்டிக்குள் கிடந்தன.

"இது இனி வரப்போற மழை," என்றான்.

"சாத்திரமோ தம்பி?" பின்னால் இருந்து ஊர் வாயாடி றஞ்சனி கேட்டாள்.

"இல்லை அக்கா. எதிர்வுகூறல்."

"அதைத்தானே நாங்கள் சாத்திரம் எண்டுறது. வெத்திலை வைக்க வேணுமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், கோபிக்கவில்லை. அது எனக்குப் பிடித்துக்கொண்டது. பிடித்ததால் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்தேன்.

அவன் சொன்னது இவ்வளவுதான். நாங்கள் புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன், காய்ந்த புழுதியில் நெல்லை விதைக்கிறோம். பிறகு பெருமழை வந்து முளைக்கிறது. மார்கழியில் வெள்ளம் வந்து, முற்றிய கதிரைச் சாய்க்கிறது. இனி அந்த மார்கழி மழை இன்னும் மூர்க்கமாக வருமாம். ஆகவே ஒரு மாதம் முந்தி, ஆவணிக் கடைசியிலேயே விதைத்தால், வெள்ளத்துக்கு முன் வெட்டிவிடலாம்.

"ஆவணியிலை விதைச்சால் முளைக்கத் தண்ணி?" என்று கேட்டேன்.

"அதுதான் ஐயா நல்ல செய்தி. எண்பதுகளிலை இந்தத் தீவிலை ஆவணி, புரட்டாதியிலை சிறுமழை இல்லவே இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வரத் தொடங்கியிருக்கு. வரவரக் கூடுது. பக்கத்துத் தீவுகளிலை இப்பிடி இல்லை. உங்கடை தீவிலை மட்டும்தான்."

"இதெல்லாம் யாழ்ப்பாணத்திலை இருந்து போட்ட கணக்குத்தானே?"

"இல்லை ஐயா. உங்கடை தீவின்ரை சொந்தக் கணக்கு." பழைய கொப்பி ஒன்றின் படத்தைத் தூக்கிக் காட்டினான். "முப்பது வருசம் ஒரு நாள் விடாமல் ஒரு ஆள் எழுதின கணக்கு. இப்பிடி ஒரு கணக்கு வேறை எந்தத் தீவிலையும் இல்லை. அவர் இங்கைதான் இருக்கிறார். கதிர்காமு ஐயா, ஒருக்கா எழும்புங்கோ."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கதிர்காமு எழுந்தான். சால்வையை இழுத்துவிட்டான். கை தட்டுவது நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றான். நின்றது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவன் சுற்றிப் பார்த்தான். முன் வரிசையில் போட்ட வாங்கில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வளவு அன்னப்பிள்ளை அக்கா இருந்தார்.

கதிர்காமு திரும்பவும் வாங்கில் இருந்துவிட்டான்.

கூட்டம் முடிவெடுத்தது. ஆவணி இருபத்தேழு, வெள்ளிக்கிழமை, கடவை மூடுவது.

(தெரியாதவர்களுக்கு: எங்கள் வயல்வெளியைச் சுற்றிக் கல்வேலி. மாடு போய்வர அதில் ஒரு வாய் விட்டிருக்கிறோம், அதுதான் கடவை. விதைக்கிற நாளில் மாடுகளைத் துரத்திவிட்டுக் கடவையைக் கல்லால் அடைத்துவிடுவோம். ஒருவன் முந்தி, ஒருவன் பிந்தி விதைக்க ஏலாது. அடைத்தால் எல்லாருக்கும் அடைத்ததுதான். கடைசிக் கல்லை வைப்பது கடவையோடு ஒட்டின காணிக்காரன். அந்தக் காணி என்னுடையது.)

4

கதிர்காமு என்னிடம் சொன்னதை இனி எழுதுகிறேன். சொன்னது அவன். கேட்டது நான். நடுவில் நாற்பது வருசம்.

அவனுக்கு இருபத்தாறு வயதில் மழை அளக்கிற வேலை கிடைத்தது. சங்கக் கட்டடத்தின் பின்வளவில் செப்புக் குழாய் ஒன்றைப் பாதி மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள். மேலே புனல், உள்ளே போத்தல். காலமை எட்டரைக்குப் போத்தலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை கோடு என்று கொப்பியில் எழுத வேண்டும். மழை இல்லாவிட்டால் சைபர். மாதக் கடைசியில் கொப்பிப் பக்கம் படகில் போகும். அவ்வளவுதான் வேலை. அந்த வேலையில் கதிர்காமுவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கலியாண வீட்டில்கூட எட்டரைக்கு எழும்பிப் போவான். "மழைக்கார மாப்பிள்ளை" என்று பெட்டையள் பகிடி பண்ணுவார்கள்.

அடுத்த வருசம் ஆவணியில் ஒரு நாள். இரவு இலேசாகத் தூறியிருந்தது. முற்றம் புள்ளி போட்டதுபோல் நனைந்து, விடியக் காய்ந்துவிட்டது. அவன் யாழ்ப்பாணம் போக வேண்டியிருந்ததால் ஆறு மணிக்கே குழாயைப் பார்க்கப் போனான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பார்த்தான். பக்கத்து வளவு அன்னப்பிள்ளை குந்தியிருந்து, புனலைக் கழற்றி வைத்துவிட்டு, போத்தலைக் கையில் பிடித்த தகரப் பேணிக்குள் சரித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக் கூட வெளியே சிந்தவில்லை.

கதிர்காமு இருமவில்லை. கூப்பிடவில்லை. யாழ்ப்பாணப் பயணத்தை விட்டு, திரும்பிப் போய், எட்டரைக்கு வந்தான்.

[படித்தவர்கள் இந்த இடத்தில் ஒரு காதலை வைப்பார்கள். எனக்கும் கை துருதுருத்தது. ஆனால் அன்னப்பிள்ளைக்குக் கலியாணமாகி, இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. கதிர்காமு வாயை மூடினதற்கு அந்தக் குழந்தைதான் காரணம்.]

எங்கள் கிணறுகள் உவர். குளிக்கலாம். மாட்டுக்கு வைக்கலாம். குழந்தைக்குப் பால்மா கரைத்தால் திரைந்துபோகும். நல்ல தண்ணீர்க் கிணறு இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், தூரம், அங்கேயும் வரிசை. அன்னப்பிள்ளைக்குத் தாய்ப்பால் போதவில்லை என்று ஊருக்கே தெரியும்.

நான் கேட்டேன். நீங்களும் கேட்பீர்கள்.

"ஏன், ஒரு சட்டியை முத்தத்திலை வைச்சிருக்கலாமே?"

"விசரா. சிறுமழைக்குச் சட்டியின்ரை அடிதான் நனையும். விடியக் காத்திலை அதுவும் போயிடும். காகம் வேறை. செப்புக் குழாய் மண்ணுக்குள்ளை குளிர்ந்து கிடக்கும், ஒரு சொட்டுக் காயாது. அப்பிடித்தானே அதைச் செய்து வைச்சிருக்கிறாங்கள். அரைப் பேணியெண்டாலும் கண்ணாடி மாதிரித் தண்ணி. பெருமழை பெய்தால் அவ அந்தப் பக்கமே வரமாட்டா. அப்ப எல்லா இடமும் தண்ணி."

ஆக, போனது சிறுமழை மட்டும். அந்த நாட்களில் கொப்பியில் கதிர்காமு சைபர் போட்டான். குழந்தை வளர்ந்தது. பிறகு அன்னப்பிள்ளையின் புருஷன் பாயில் விழுந்தார். அவருக்கு ஒரு நேரத் தேத்தண்ணி. பிறகு கண்ணில் விட. பழக்கம் நிற்கவில்லை. பதினேழு வருசம். இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் முன் அவர் வீட்டுக்குத் தகரக் கூரை போட்டு, மழைத்தண்ணீர் பிடிக்கத் தொட்டியும் கட்டினார்கள். அன்னப்பிள்ளை குழாய்ப் பக்கம் வருவது நின்றது. கொப்பியில் சிறுமழை பெய்யத் தொடங்கியது.

எனக்கு இது விளங்க ஒரு சுருட்டு முடிந்தது.

"அப்ப மழை கூடேல்லை," என்றேன். "அவ எடுக்கிறதை விட்டதுதான் கூடினது."

"அதைத்தான் எழுதச் சொல்லுறன். ஆவணியிலை விதைச்சு, ஒரு தூறல் தூறி முளைச்சு, பிறகு இருபது நாள் வெய்யில் எறிச்சால்? விதைநெல் முழுக்கக் கருகும். ஊர் முழுக்கக் கருகும். என்ரை கொப்பியை நம்பி."

"சரி."

"ஆனா அவவின்ரை பேரை எழுதாதை."

5

அப்படித்தான் ஆடு வந்தது.

தண்ணீரை யாரோ எடுத்தார்கள். பேர் சொல்லக் கூடாது. யாரோ என்று எழுதினால் கந்தோரில் யார் என்று கேட்பார்கள். ஆடு என்றால் கேட்கமாட்டார்கள். எங்கள் தீவில் ஆடு குடிக்காத தண்ணீர் இல்லை.

எழுதினேன்: மேற்படி மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அயலில் உள்ள ஒரு ஆடு—

கதிர்காமுவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஆடு புனலைக் கழட்டுமோ?"

"கொம்பாலை தட்டியிருக்கும்."

"தட்டிப்போட்டு, குடிச்சிட்டு, திருப்பிப் பூட்டினதோ?"

அதற்கு ஒரு வசனம் சேர்த்தேன். ஆடு தட்டியது, காற்று—

[விட்டுவிட்டேன். காற்றுப் புனலைத் திருப்பி வைக்காது.]

"மற்றது," என்றான், "பதினேழு வருசம் ஒரு ஆடு உயிரோடை இருக்குமோ?"

"தாயிட்டை இருந்து குட்டி பழகினது எண்டு போடுவம்."

"போடு. கந்தோரிலை சிரிச்சுச் சாகட்டும்."

அவன் சிரிக்கவில்லை. நான் கொஞ்சம் சிரித்தேன். அந்த ஆட்டில் எனக்கு ஒரு பற்று வந்துவிட்டது. செங்கபில நிறம், ஒரு காது மடிந்தது. சிறுமழைக்கு மட்டும் வருகிற, பெருமழைக்கு வராத ஆடு. எழுத எழுத அது நடந்து வந்தது. அப்போதுதான் பயம் பிடித்தது. இல்லாத ஆடு இவ்வளவு வடிவாக வருகிறதென்றால், இருக்கிறது என்று நான் எழுதின மற்றவை எப்படி?

(நிலக்ஷன்தான் அந்தக் குழந்தை என்று எழுதினால் எப்படி இருக்கும் என்றும் ஒரு நேரம் யோசித்தேன். அன்னப்பிள்ளை மழைத்தண்ணீர் கொடுத்து வளர்த்த பிள்ளை வந்து மழைக் கணக்குச் சொல்கிறான்! நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் நிலக்ஷன் கிளிநொச்சிக்காரன், முப்பது வயதுகூட இல்லை. அந்தக் குழந்தை இப்போது வெளிநாட்டில் லொறி ஓட்டுகிறது.)

6

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் கள்ளன்.

எனக்குப் பதினொரு மாடு. எங்கள் குறிச்சியில் ஆகக் கூடிய மாடு வைத்திருப்பவன் நான்தான். ஆவணியில் தீவு முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது, மிச்சப் புல் இருப்பது கல்வேலிக்குள் மட்டும். கடவையை ஒரு மாதம் முந்தி மூடினால் என் மாடுகள் பனையோலை தின்ன வேண்டும். அதில் இரண்டு சினைப்பட்ட கன்றுத்தாச்சி.

ஆகவே கணக்குப் பிழை என்று சொன்னால் எனக்கு நல்லது. இதைக் கதிர்காமு யோசித்தானோ தெரியாது. ஊர் யோசிக்கும். நான் கடிதத்தை வாசித்து முடிக்க முன்னமே றஞ்சனி கேட்பாள்: "மாட்டுக்காகக் கதை கட்டுறியளோ அண்ணை?" கட்டத்தான் செய்தேன். ஆடு சாட்சி.

இன்னொன்று. கூட்டம் முடிந்து நிலக்ஷன் படகுக்குப் போகும்போது, கதிர்காமு விஷயம் தெரியாமலே, சும்மா வாயைப் பிடுங்கிப் பார்த்தேன்.

"தம்பி, பழைய கணக்கிலை பிழை கிடந்தால் என்ன செய்வியள்?"

அவன் நின்றான். "மற்றத் தீவுக் கணக்கும் சேர்த்துத்தான் ஐயா பார்த்தது. வானத்திலை இருந்து எடுத்த கணக்கும் இருக்கு. ஆனா விதைக்கிற நாளைச் சொன்னது உங்கடை கணக்கை வைச்சுத்தான். அது பிழையெண்டால் நாள் மாறும். மாறாமலும் விடும்."

"மாறுமோ மாறாதோ?"

"திருப்பிப் போட்டுப் பார்க்காமல் சொல்ல ஏலாது. இரண்டு மாதம் எடுக்கும்."

இரண்டு மாதத்தில் ஐப்பசி வந்துவிடும். நேர்மையாகப் பேசுகிறவனிடம் சண்டை பிடிக்கவும் முடியவில்லை. மார்கழி வெள்ளத்தைப் பற்றி அவன் சொன்னதும் பொய்யில்லை. போன மூன்று வருசமும் நான் தண்ணீருக்குள் நின்றுதான் கதிர் வெட்டினேன்.

7

ஆட்டோடு அன்னப்பிள்ளை அக்கா வீட்டுக்குப் போனேன். பேர் எழுதுவதில்லை என்று கதிர்காமுவுக்குச் சொன்னேனே தவிர, கேட்பதில்லை என்று சொல்லவில்லை.

அக்காவுக்கு எழுபத்தைந்து கடந்துவிட்டது. குசினி வாசலில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். கொப்பியைக் கண்டதும், "என்ன, சங்கத்துக்குக் கையெழுத்தோ?" என்றார்.

"ஒரு கடிதம். வாசிக்கிறன், கேளுங்கோ."

ஆடு வரும்வரை கேட்டார். கை நின்றது.

"இராசு. அந்த ஆடு நானோ?"

நான் கொப்பியை மூடினேன்.

"பதினேழு வருசம் என்னை ஆடாக்கிப்போட்டாய். ஒரு காது மடிஞ்ச ஆடு."

"அக்கா, கதிர்காமுதான் பேரை எழுத வேண்டாமெண்டவன்."

"அவனுக்குத் தெரியுமோ?" இலையைக் கீழே வைத்தார். "அப்பவே தெரியுமோ?"

"கண்டவன்."

கிணற்றுப் பக்கம் ஒருக்கா பார்த்தார். பிறகு எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன்.

"எழுது. அன்னப்பிள்ளை எடுத்தவள் எண்டு எழுது. ஆட்டை வெட்டு. ஆனா ஒண்டு, நான் சும்மா எடுக்கேல்லை. எடுத்த அளவுக்குத் திருப்பி விட்டனான். ஒரு பேணி எடுத்தால் ஒரு பேணி. அரைப் பேணி எடுத்தால் அரைப் பேணி. கிணத்துத் தண்ணி. மழை பெய்த இரவுக்குப் போத்தல் வெறுமையாக் கிடந்தால் அந்தப் பெடியன் நித்திரை கொண்டவன் எண்டு கந்தோரிலை வேலையாலை நிப்பாட்டிப் போடுவாங்கள் எண்டு. அவன்ரை கணக்கிலை ஒரு கோடும் பிசகியிராது. அதுக்கு நான் பொறுப்பு."

தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஒரு பேணிக்கு ஒரு பேணி என்றால் கொப்பியில் சிறுமழை இருக்க வேண்டும். கொப்பியில் சைபர். அக்கா விட்ட தண்ணீர் எங்கே போனது? ஒன்றில் அக்கா இப்போது சொல்கிறார், அப்போது விடவில்லை. அல்லது கதிர்காமு அந்தக் காலமைகளில் குழாய்ப் பக்கமே போகவில்லை. பாயில் கிடந்து சைபர் போட்டுவிட்டு, இன்றைக்கு ஒரு கிழவியின் தலையில்—

[இந்த வசனத்தை முடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நினைத்தேன். மறைக்கவில்லை.]

8

கதிர்காமு பட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"நீ அந்த நாளையிலை போனனியோ, இல்லாட்டிப் படுத்துக் கிடந்து எழுதினனியோ?"

வாளியை வைத்தான். "என்ன கதைக்கிறாய்?"

"அவ திருப்பித் தண்ணி விட்டவவாம். அளந்து. அப்ப உனக்கு எங்காலை சைபர்?"

"நான் போகாமல் விட்டனானோ? சண்டைக்காலத்திலை செல் விழுந்த நாளிலையும் போனனான். என்ரை தகப்பன் செத்த காலமை எட்டரைக்கும் போனனான். வாயை அளந்து கதை, இராசு."

"அப்ப போத்தல் வெறுமையாக் கிடந்ததோ?"

"வெறுமையாக் கிடந்ததெண்டு ஆர் சொன்னது? தண்ணி கிடந்தது."

"கிடந்தால்?"

"உவர்த் தண்ணி." சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினான், இன்னும் ஈரமாக இருந்தது. "தண்ணியைக் கண்டால் நாக்கிலை வைக்காத மனிசன் இந்தத் தீவிலை இருக்கோ? வைச்சன். உவர். மழை உவராப் பெய்யுமோ? அவ எடுத்துப்போட்டுக் கிணத்துத் தண்ணியாலை போத்தலைக் கழுவி வைச்ச மிச்சம் எண்டு நினைச்சன். ஊத்திப்போட்டன். மழையில்லாத தண்ணியை மழையெண்டு எழுதினால் அது பொய்க் கணக்கு. நான் பொய்க் கணக்கு எழுதேல்லை."

சொல்லி முடித்ததும், சொன்னது அவனுக்கே உறைத்தது. பட்டிக் கல்லில் இருந்தான்.

"அளந்தோ விட்டவ?"

"பேணிக்குப் பேணி."

"நாக்கிலை வைக்காமல் அளந்திருந்தால்..."

"சரியா இருந்திருக்கும்."

"பதினேழு வருசம்," என்றான். மாடு வாளியைத் தட்டிவிட்டது. இரண்டு பேரும் எழும்பவில்லை.

இது உண்மையென்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். இரண்டு பேரும் வயது போனவர்கள். இரண்டு பேருக்கும் தங்கள் தங்கள் பக்கம் வெள்ளையாக வருகிறது. ஆனால் இப்படி ஒரு பிழையைக் கட்டி எழுத எனக்கு மூளை காணாது. என்னால் ஏலுமானது ஆடுதான்.

9

இன்றைக்கு ஆவணி இருபத்தாறு, வியாழன். நாளைக்குக் கடவை.

மத்தியானம் கடிதத்தை ஒருவழியாக எழுதினேன். இவ்வளவுதான்:

"நெடுந்தீவு மழைக் கொப்பியில் முதல் பதினேழு வருசத்துச் சிறுமழைக்குச் சைபர் போட்டிருக்கிறது. அந்த நாட்களில் மழை பெய்தது. குழந்தைக்காக அன்னப்பிள்ளை எடுத்து, அளந்து கிணற்றுத் தண்ணீர் விட்டார். உவர்த்ததால் கதிர்காமு எழுதவில்லை. இதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்துப் பதில் தரவும்."

கதிர்காமு கையெழுத்துப் போட்டான். "நாளைக்குக் கடவையடியிலை நீதான் வாசிக்க வேணும். நான் எழும்பினால் திருப்பி இருந்திடுவன்."

அந்த நேரம் பார்த்து வானம் கறுத்தது. பத்து நிமிடம்கூட இல்லை. புழுதி மணந்தது, ஓலையில் சடசடத்தது, போய்விட்டது. நாங்கள் சங்கக் கட்டடத்தின் பின்வளவுக்கு நடந்தோம். இப்போது அங்கே கம்பத்தில் தானாக எழுதுகிற மெசின் ஒன்று நிற்கிறது. பழைய செப்புக் குழாய் பச்சை பூத்து, புல்லுக்குள் அப்படியே கிடக்கிறது. போத்தலும் கிடக்கிறது.

அன்னப்பிள்ளை அக்கா எங்களுக்கு முன்னமே வந்து நின்றார். கையில் பேணி.

கதிர்காமு குந்தினான். புனலைக் கழற்றினான். போத்தலைத் தூக்கினான். உள்ளே தண்ணீர். அவன் விரல் போத்தலின் வாய்க்குப் போனது.

"முதல் அள," என்றார் அக்கா.

அவன் விரலை எடுத்தான். பேணியில் ஊற்றினான். அரைப் பேணிக்குக் கொஞ்சம் குறைவு. என்னைப் பார்த்தான். அவனிடம் கொப்பி இல்லை. என்னிடம் இந்தக் கொப்பி இருந்தது. எழுதினேன்:

ஆவணி 26. வியாழன். அரைப் பேணிக்குச் சற்றுக் குறைவு.

நான் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, விரலைப் பேணித் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்காவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

10

முடிவு எழுத வேண்டும் என்பார்கள். மூன்று எழுதினேன்.

ஒன்று: கடிதத்தை வாசிக்கிறேன். கடவை மூடவில்லை. புரட்டாதிக் கடைசியில் விதைக்கிறோம். மார்கழி வெள்ளம் நிலக்ஷன் சொன்னபடியே வந்து, முற்றிய கதிரை எல்லாம்—

இரண்டு: வாசிக்கவில்லை. மூடுகிறேன். இன்று பெய்ததுபோல் இன்னும் ஒரு சிறுமழை. முளைக்கிறது. பிறகு இருபது நாள் வெய்யில். என் மாடுகள் வேலிக்கு வெளியே நின்று கருகின பச்சையைப் பார்த்து—

மூன்று: மூடுகிறேன். மழை வரவரக் கூடுகிறது. கொப்பி பிழை, கணக்குச் சரி. எல்லாரும் சிரிக்கிறார்கள். கதிர்காமு மட்டும்—

ஒன்றையும் முடிக்கவில்லை. எதை எழுதினாலும் அதுவும் ஒரு எதிர்வுகூறல்தான். எழுதுகிறவனுக்குப் பதினொரு மாடு இருக்கிறது. இந்தக் கொப்பியில் ஒரு ஆடும் இருக்கிறது, மெல்லிய கோடு போட்டு வெட்டினது.

நாளை எட்டு மணிக்குக் கடவையடியில் எல்லாரும் நிற்பார்கள். கஜானி கொப்பியோடு நிற்பாள். மற்றக் கல்லெல்லாம் வைத்து முடிந்திருக்கும். கடைசிக் கல் பாரமானது. அதைத் தூக்க எனக்கு இப்போது இரண்டு கையும் வேண்டும். கடிதம் சட்டைப் பையில் இருக்கும். அதை எடுக்க ஒரு கையாவது வேண்டும்.

நீங்கள் இதை வாசிக்கும்போது அந்த வெள்ளிக்கிழமை போயிருக்கும். குறிகட்டுவானில் இருந்து படகு வருகிறது, ஏறி வாருங்கள். இறங்கி, கதிர்காமுவின் வீட்டைக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். அங்கிருந்து இரண்டாவது காணி. கல்வேலியில் அந்த இடத்தைப் பாருங்கள். கல் இருக்கிறதோ, வாயாக இருக்கிறதோ, உள்ளே பச்சையோ, புழுதியோ, மாடோ.

கண்டதை முதலில் எழுதிவிடுங்கள். நாக்கில் வைப்பது பிறகு.